அகச்சிவப்பு உணரிகளால் விண்வெளிக் குப்பையைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

சூரிய ஒளியில் 45 விழுக்காட்டை எதிரொளிக்கும் 10 செ.மீ. துண்டு ஒன்றும், 5 விழுக்காட்டை மட்டுமே எதிரொளிக்கும் 30 செ.மீ. துண்டு ஒன்றும் ஒரே உயரத்தில் சுற்றினால், சாதாரணத் தொலைநோக்கிப் படத்தில் இரண்டும் ஒரே பிரகாசத்துடன் தெரியும். எதிரொளிப்புத் திறனும் பரப்பளவும் சேர்ந்த பெருக்கற்பலனைத்தான் அந்தப் படம் தருகிறதே தவிர, இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு செயற்கைக்கோளின் மீது மோதினால் இவ்விரண்டும் விளைவிக்கும் சேதம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். அகச்சிவப்பில் நிலைமை வேறு. எதிரொளிக்கப்படாத ஒளியைப் பொருள் உட்கவர்ந்து, வெப்பமாக்கி, மீண்டும் கதிர்வீச்சாக உமிழ்கிறது. சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தை மட்டும் கணக்கில் கொண்டால், கறுத்த பெரிய துண்டு உமிழும் மொத்த ஆற்றல் பளபளப்பான சிறிய துண்டு உமிழ்வதைப் போல் ஏறத்தாழ 15 மடங்காக இருக்கும். விண்வெளிக் குப்பை ஆய்வில் அகச்சிவப்பு உணரிக்கு இடம் உண்டென்றால், முதன்மையாக இந்த ஒரு காரணத்தால்தான்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பரந்த வானில் புதிய துண்டுகளைத் தேடிப் பிடிக்கும் வேலையை ரேடாரும் கண்ணுறு ஒளித் தொலைநோக்கியும் மலிவாகவும் விரைவாகவும் செய்கின்றன. அகச்சிவப்பின் வலிமை, இருக்குமிடம் ஓரளவு தெரிந்த துண்டின் உருவளவு, வெப்பநிலை, பொருள் ஆகியவற்றை அளப்பதிலும், புவியின் நிழலிலும் பகல் வானத்திலும் அதைத் தொடர்ந்து பிடித்து வைப்பதிலும் இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த நோக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

படி 1: எதை அறிய வேண்டும் என்பதை வரையறுத்தல்

தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதையில் பொதுவாக 10 செ.மீ.க்கு மேற்பட்ட பொருள்களும், 35,786 கி.மீ. உயரத்திலுள்ள புவிநிலைப் பாதையில் ஏறத்தாழ 1 மீட்டருக்கு மேற்பட்டவையும் முறையாகப் பட்டியலிடப்பட்டு வருகின்றன. 2007 ஜனவரியில் சீனா தனது ஃபெங்யுன்-1சி வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்தபோது, பின்தொடரத்தக்க அளவுள்ள துண்டுகள் மட்டுமே மூவாயிரத்துக்கும் மேல் உருவாயின. 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம்-33, காஸ்மாஸ்-2251 ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களும் சுமார் 790 கி.மீ. உயரத்தில் மோதியதில் மேலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. ரேடார் தரும் உருவளவு அத்துண்டின் மின்கடத்துத் தன்மையையும் வடிவத்தையும் சார்ந்தது. கார்பன் இழைக் கலவைத் துண்டும் உலோகத் துண்டும் ஒரே அளவில் இருந்தாலும் ரேடாரில் ஒன்றுபோல் தெரிவதில்லை.

ஆகவே மூன்று கேள்விகளில் எது உங்களுடையது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பட்டியலிலுள்ள ஒரு பொருளின் உண்மையான உருவளவையும் வெப்பநிலையையும் அளக்க வேண்டுமா? அதன் மேற்பரப்பு எந்தப் பொருளால் ஆனது என்று அறிய வேண்டுமா? பகலிலோ நிழலிலோ அதன் பாதையைத் துல்லியப்படுத்த வேண்டுமா? முதலாவதற்கு 8 முதல் 13 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான வெப்ப அகச்சிவப்பும், மற்ற இரண்டிற்கும் பெரும்பாலும் 1 முதல் 2.5 மைக்ரான் வரையிலான குற்றலை அகச்சிவப்பும் பொருந்தும். நிழலில் தொடர்வது மட்டும் விதிவிலக்கு: அங்கே எதிரொளி இல்லாததால் வெப்பப் பட்டை ஒன்றே உதவும். எல்லாவற்றையும் ஒரே கருவியில் செய்ய முனைந்தால் எதுவும் உருப்படியாக அமையாது.

படி 2: வெப்பநிலையிலிருந்து அலைநீளப் பட்டையைத் தேர்தல்

வீன் விதிப்படி, 2,898 என்ற எண்ணைக் கெல்வினில் சொல்லப்பட்ட வெப்பநிலையால் வகுத்தால், அப்பொருளின் உமிழ்வு உச்சமடையும் அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். 300 கெல்வினில் அது 9.7 மைக்ரான். புவிக்கருகே சூரிய ஒளியில் நனையும் பெரும்பாலான துண்டுகளின் வெப்பநிலை இதைச் சுற்றியே இருப்பதும், வளிமண்டலம் 8 முதல் 13 மைக்ரான் வரை ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருப்பதும் நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. அந்தச் சாளரத்தின் நடுவே 9.6 மைக்ரானில் ஓசோன் ஒரு பள்ளத்தை ஏற்படுத்துகிறது என்பதை வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டும்.

சூரிய ஒளியை எவ்வளவு உள்வாங்கும் என்ற உட்கவர்திறனுக்கும், வெப்பத்தை எவ்வளவு எளிதில் வெளிவிடும் என்ற உமிழ்திறனுக்கும் இடையிலான விகிதமே துண்டின் வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது. சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்கு 1,361 வாட். விகிதம் 1 ஆக உள்ள கோளம் சுமார் 278 கெல்வினில் சமநிலை அடையும். மெருகேற்றிய அலுமினியத்தில் இந்த விகிதம் 3 அளவுக்கு இருப்பதால், அதே கோளம் 366 கெல்வினை எட்டும். வெள்ளைப் பூச்சு பூசியது 200 கெல்வினுக்கும் கீழே இறங்க முயலும். புவியிலிருந்து வரும் வெப்பமும் மேகங்களின் எதிரொளியும்தான் அதைச் சற்று உயர்த்திப் பிடிக்கின்றன.

3 முதல் 5 மைக்ரான் வரையிலான பட்டை தொடக்கநிலையில் பலரையும் கவர்கிறது, ஏனெனில் அதற்கான உணரிகள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் சூரிய ஒளியின் எதிரொளிப்பும் பொருளின் சொந்த உமிழ்வும் ஒன்றோடொன்று கலக்கும் இடம் அதுதான்; கிடைக்கும் சமிக்ஞையில் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நிழலில் உள்ள பொருளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் 250 கெல்வினுக்குக் குளிர்ந்த துண்டு இந்தப் பட்டையில் மிகக் குறைவாகவே உமிழும். உருவளவை அளப்பதே நோக்கமெனில் 10 மைக்ரான் பக்கம் போவதே என் பரிந்துரை.

படி 3: கருவி வாங்குமுன் கணக்குப் போடுதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கிய திட்டங்கள் வெறுமையான படங்களோடு முடியும். எடுத்துக்காட்டாக, 10 செ.மீ. விட்டமும் 300 கெல்வின் வெப்பநிலையும் 0.8 உமிழ்திறனும் கொண்ட ஒரு கோளம் 1,000 கி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 300 கெல்வினில் ஒரு கரும்பொருள் (உமிழ்திறன் 1 கொண்ட இலட்சியப் பொருள்) சதுர மீட்டருக்கு 459 வாட் உமிழும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 8–13 மைக்ரான் பட்டையில் விழுகிறது. இதைப் பரப்பளவுடனும் தொலைவுடனும் சேர்த்துக் கணக்கிட்டால், தரையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3×10⁻¹³ வாட் கிடைக்கும். 1 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக் கண்ணாடியும், வழியில் பாதி ஒளி வீணாகும் அமைப்பும் இருந்தால், உணரிக்கு விநாடிக்குச் சுமார் 60 லட்சம் ஃபோட்டான்கள் வந்து சேரும்.

கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொலைநோக்கியும் வளிமண்டலமும் ஏறத்தாழ 280 கெல்வினில் இருப்பவை; அவையும் அதே 10 மைக்ரானில் ஒளிர்கின்றன. தானே ஒளிரும் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு தொலைவிலுள்ள ஒரு சுடரைத் தேடுவதற்கு ஒப்பானது இது. 1 மீட்டர் கண்ணாடியில் 10 மைக்ரான் ஒளி, கண்ணாடியின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவினால், ஏறத்தாழ 2.5 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) அகலமுள்ள புள்ளியாகப் பரவும். அமைப்பின் மொத்த உமிழ்திறன் 0.2 என்று கொண்டால், அந்தப் புள்ளிக்குள் மட்டும் விநாடிக்குச் சுமார் 2,000 கோடிப் பின்னணி ஃபோட்டான்கள் விழும். அதாவது சமிக்ஞையைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல்.

இருந்தும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சமிக்ஞையை மறைக்கும் இரைச்சல், அதாவது பின்னணியின் ஏற்ற இறக்கம், பின்னணியின் வர்க்கமூலமாகவே வளர்கிறது. 2,000 கோடியின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.4 லட்சம், ஆகவே துண்டை ஒரே புள்ளியில் ஒரு விநாடி பிடித்து வைத்தால், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 40 வரை செல்லலாம். ஆனால் 1,000 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர்மேலே செல்லும் துண்டு விநாடிக்குச் சுமார் 1,500 வில்விநாடி வேகத்தில் நகர்கிறது. தொலைநோக்கி அசையாமல் நின்றால் அது ஒரு புள்ளியை 1.7 மில்லிவிநாடியில் கடந்துவிடும். அப்போது விகிதம் 2-ஐக்கூடத் தொடாது. கருவியின் விலையைக் காட்டிலும் பின்தொடரும் துல்லியமே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

இதே கணக்கில் விட்டத்தை 1 செ.மீ. ஆக்கினால் சமிக்ஞை நூறில் ஒன்றாகிவிடும். இரண்டு நிமிடங்களுக்கு மேல் பிழையின்றிப் பின்தொடர்ந்தால்தான் 5 என்ற விகிதம் வரும். பாதை துல்லியமாகத் தெரியாத ஒரு துண்டை அப்படிப் பின்தொடர வழியில்லை. ஆகவே 1 மீட்டர் கருவியைக் கொண்டு தரையிலிருந்து 1 செ.மீ. துண்டுகளை வெப்ப அகச்சிவப்பில் அளப்போம் என்று எவரேனும் திட்டம் தந்தால், இந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

படி 4: உணரியும் குளிரூட்டலும்

குற்றலை அகச்சிவப்பிற்கு இண்டியம்-காலியம்-ஆர்சனைடு உணரி போதுமானது; 0.9 முதல் 1.7 மைக்ரான் வரை பார்க்கும் இதற்கு மின்வழிக் குளிரூட்டலே போதும். 1 முதல் 5 மைக்ரானுக்கு இண்டியம் ஆன்டிமனைடு. பாதரச-காட்மியம்-டெல்லுரைடில் கலவை விகிதத்தை மாற்றி, குற்றலையிலிருந்து 10 மைக்ரானைத் தாண்டியும் போகலாம். ஆனால் நெட்டலைக்குப் போகப் போகக் குளிர்ச்சி கூடுதலாக வேண்டும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் அல்லது அதற்கும் கீழே. ஆர்செனிக் கலந்த சிலிக்கான் உணரிகள் 25 மைக்ரானுக்கு மேலும் பார்க்கும், ஆனால் 10 கெல்வினை ஒட்டிய குளிர்ச்சியைக் கோரும்.

குளிரூட்டத் தேவையில்லாத மைக்ரோபோலோமீட்டர் இன்று கைக்கருவிகளில்கூட வந்துவிட்டதால், அதையே தொலைநோக்கியில் பொருத்தலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். அதன் வெப்ப எதிர்வினை நேரம் 10 மில்லிவிநாடி அளவில் இருப்பதும், அதன் உள் இரைச்சல் மேலே கணக்கிட்ட பின்னணி ஏற்ற இறக்கத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக இருப்பதும் இந்த வேலைக்கு அதைப் பயனற்றதாக்குகின்றன. நிலவை அளந்து பார்த்துப் பழகுவதற்கு அது போதும்.

உணரியைக் குளிர்வித்தால் மட்டும் போதாது. உணரியின் பார்வைக்குள் வரும் தடுப்பு வளையமும் வடிகட்டியும் குளிர்ந்தே இருக்க வேண்டும். இல்லையெனில் கருவிப் பெட்டியின் உட்சுவரே மிகப் பெரிய பின்னணியாக நிற்கும். கண்ணாடியில் படியும் தூசும் உமிழ்திறனைக் கூட்டும். கண்ணுறு ஒளியில் பொறுத்துக்கொள்ளத்தக்க தூசு 10 மைக்ரானில் நேரடி இழப்பு.

படி 5: இடம்

நீராவியே முதல் எதிரி. ஆகவே உயர்ந்த, வறண்ட மலையுச்சி வேண்டும். ஹவாயின் ஹலேகலா சிகரத்தில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலுள்ள 3.67 மீட்டர் தொலைநோக்கியும், மௌனகேயாவில் 4,200 மீட்டர் உயரத்திலுள்ள 3.8 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியும் விண்வெளிப் பொருள்களை அகச்சிவப்பில் ஆராயப் பயன்பட்டவை. குற்றலைக்கு இத்தகைய உயரம் கட்டாயமில்லை.

விண்வெளியிலிருந்தே பார்ப்பது இன்னொரு வழி. 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள், திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய 57 செ.மீ. தொலைநோக்கியுடன் 900 கி.மீ. உயரத்திலிருந்து வானத்தை 12, 25, 60, 100 மைக்ரான்களில் அளந்தது. விண்மீன் ஆய்வுக்குத் தேவையற்றவை என்று ஒதுக்கப்பட்ட நகரும் தடங்களைப் பின்னாளில் குப்பை ஆய்வாளர்கள் தேடி எடுத்தனர். 2009 டிசம்பரில் சென்ற வைஸ் செயற்கைக்கோளின் படங்களிலும் இத்தகைய கோடுகள் உண்டு. குளிர்ந்த தொலைநோக்கியில் மூவாயிரம் மடங்குப் பின்னணி மறைந்துவிடுகிறது. ஆனால் அருகில் கடக்கும் துண்டு மிக வேகமாக நகர்வதால் ஒரே படத்தில் ஒரு நீண்ட கோடு மட்டும் மிஞ்சும்; தொலைவு தெரியாமல் அதன் உருவளவைச் சொல்ல முடியாது.

படி 6: கண்காணிப்பு இரவு

பட்டியலில் வெளியாகும் பாதைக் கூறுகளிலிருந்து துண்டின் எதிர்பார்ப்பு இடத்தைக் கணித்துத் தொலைநோக்கியை அதன் வேகத்தில் ஓட்ட வேண்டும். பழைய பாதைக் கூறுகளில் பிழை பெரும்பாலும் பயணத் திசையிலேயே இருக்கும். துண்டு கணித்ததைவிட முந்தியோ பிந்தியோ வரும், பக்கவாட்டில் அதிகம் விலகாது. எனவே அகன்ற பார்வையுள்ள கண்ணுறு ஒளிக் கேமரா ஒன்றை அதே தாங்கியில் பொருத்தி, முதலில் அதில் பிடித்து, பின்னர் அகச்சிவப்புப் புலத்தின் நடுவுக்குக் கொண்டுவருவதே நடைமுறைக்கு உகந்தது.

10 மைக்ரானில் ஒரு பிக்சல் சில மில்லிவிநாடிகளிலேயே பின்னணியால் நிரம்பி வழிந்துவிடும். ஆகவே விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களாக எடுத்து, பின்னர் கூட்ட வேண்டும். வானப் பின்னணி விநாடிக்குள்ளாகவே மாறுவதால், துணைக் கண்ணாடியை விநாடிக்குச் சில முறை அசைத்து, துண்டு உள்ள வானத்தையும் இல்லாத வானத்தையும் மாறி மாறி எடுத்துக் கழிப்பது வழக்கம். கண்ணாடி அசையும்போது தொலைநோக்கியின் சொந்த உமிழ்வும் சற்று மாறும். அந்த எச்சத்தை நீக்க, தொலைநோக்கியையே சற்று நகர்த்தி மீண்டும் ஒரு முறை கழிக்க வேண்டும். தாழ்ந்த பாதைத் துண்டைப் பின்தொடரும்போது இந்த இரண்டாவது நகர்த்தலுக்கு நேரம் போதாது. நல்வாய்ப்பாக, விண்மீன்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதால், துண்டைப் புலத்துக்குள்ளேயே இடம் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்தடுத்த ஃபிரேம்களே ஒன்றுக்கொன்று பின்னணியாக அமையும்.

பகல் நேரப் பணிக்குக் குற்றலையே உகந்தது. காற்று மூலக்கூறுகளின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 1.6 மைக்ரானில் அது 0.5 மைக்ரானில் உள்ளதைப் போல் நூறில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காற்றில் தூசு மிகுந்த நாளில் இந்த ஆதாயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

படி 7: படங்களிலிருந்து துண்டைப் பிரித்தெடுத்தல்

முதலில் செத்த பிக்சல்களை மறைத்து, உணர்திறன் வேறுபாட்டைச் சமன்செய்து, பின்னணியைக் கழிக்க வேண்டும். அதன்பின் எந்த அளவுக்கு மேல் உள்ள புள்ளியைத் துண்டு என்று ஏற்பது என்ற கேள்வி எழும். 1,024 × 1,024 பிக்சல் கொண்ட ஃபிரேமில் இரைச்சலின் 3 மடங்கை எல்லையாக வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறத்தாழ 1,400 போலிப் புள்ளிகள் தோன்றும். 5 மடங்காக்கினால் சராசரியாக ஒன்றுகூடத் தோன்றாது, ஆனால் மங்கலான துண்டுகளையும் இழந்துவிடுவோம். நடுவழி இது: எல்லையைத் தாழ்வாகவே வைத்து, குறைந்தது மூன்று ஃபிரேம்களில் ஒரே நேர்கோட்டில், ஒரே வேகத்தில் தோன்றும் புள்ளிகளை மட்டும் ஏற்க வேண்டும்.

பாதை ஓரளவு தெரிந்தால், ஃபிரேம்களை அந்த வேகத்தில் நகர்த்தி அடுக்கிக் கூட்டுவதே வலிமையான முறை. 100 ஃபிரேம்களைச் சரியாக அடுக்கினால் விகிதம் 10 மடங்கு உயரும். வேகம் தவறினால் ஆதாயம் ஏதுமில்லை. எனவே அருகருகேயுள்ள பல வேகங்களைக் கணினியில் முயன்று பார்த்து, எதில் புள்ளி கூர்மையடைகிறது என்று தேட வேண்டும். பறவையும் விமானமும் 10 மைக்ரானில் மிகப் பிரகாசமானவை. பூச்சியோ குவியத்துக்கு வெளியே பரந்த கறையாக விழும். காஸ்மிக் கதிர் ஒரே ஃபிரேமில் வந்து மறையும். இவற்றுக்கெல்லாம் தனித்தனி வடிகட்டிகள் எழுதுவதைவிட, நகர்வு சுற்றுப்பாதை விதிக்கு உட்படுகிறதா என்ற ஒரே சோதனையை வைப்பது மேல்.

படி 8: நேரமும் பாதையும்

ஒரு மில்லிவிநாடி நேரப் பிழை, துண்டின் இருப்பிடத்தில் 7 மீட்டருக்கும் மேலான பிழை. ஃபிரேம் எடுக்கப்பட்ட கணத்தை ஜி.பி.எஸ். கடிகாரத்தின் துடிப்புடன் வன்பொருள் நிலையிலேயே இணைக்க வேண்டும். கணினியில் கோப்பு எழுதப்பட்ட நேரத்தை நம்பக் கூடாது. கோணங்களை மட்டும் கொண்டு ஒரே கடப்பில் (துண்டு வானத்தை ஒரு முறை கடக்கையில்) கணித்த பாதை, தொலைவைப் பொறுத்தவரை தளர்வானதாகவே இருக்கும். உருவளவு தொலைவைச் சார்ந்திருப்பதால், பட்டியலில் உள்ள பாதையோடு பொருத்திப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

படி 9: அளவுதிருத்தமும் உருவளவும்

அதே இரவில், அதே உயரக் கோணத்தை ஒட்டி, சுவாதி, ரோகிணி போன்ற அகச்சிவப்பில் பிரகாசமான விண்மீன்களை அளந்து, உணரியின் எண்களை வாட்டாக மாற்றும் காரணியைப் பெற வேண்டும். 1996 ஏப்ரலில் ஏவப்பட்ட எம்.எஸ்.எக்ஸ். செயற்கைக்கோள் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கறுப்புப் பூச்சுள்ள 2 செ.மீ. கோளங்களை அது ஒன்றொன்றாக விண்வெளியில் விடுவித்து, அவை விலகிச் செல்லச் செல்லத் தன் அகச்சிவப்புக் கருவியால் அளந்தது. அளவும் பூச்சும் நன்கு தெரிந்த செயற்கைத் துண்டே அங்கு அளவுகோலாயிற்று.

அடுத்து, 8 மைக்ரான் பக்கம் ஒன்றும் 12 மைக்ரான் பக்கம் ஒன்றுமாக இரண்டு வடிகட்டிகளில் கிடைத்த பிரகாசங்களின் விகிதத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும். வெப்பநிலை தெரிந்தபின், தொலைவையும் சேர்த்து, உமிழ்திறனும் பரப்பளவும் பெருகிய தொகை கிடைக்கும். பூச்சு, பிளாஸ்டிக், கலவைப் பொருள்கள் பெரும்பாலும் 0.8 முதல் 0.9 வரை உமிழ்திறன் கொண்டவை என்பதால் இங்கே பிழை சிறிது. வெற்று உலோகத்தில்தான் சிக்கல். அதன் உமிழ்திறன் 0.05 அளவுக்கும் இறங்கும். வெப்பநிலை 350 கெல்வினைத் தாண்டினால் உலோகம் என்று ஐயுற்று, மொத்த ஆற்றல் சமநிலைக்குத் திரும்ப வேண்டும். சமநிலையில் உள்ள பொருள் உட்கவர்ந்ததையே உமிழ்கிறது. அந்த மொத்தத்தை உமிழ்திறன் மாற்றுவதில்லை. கண்ணுறு ஒளியில் எதிரொளிப்பையும் உடன் அளந்திருந்தால், எதிரொளித்த பங்கும் உட்கவர்ந்த பங்கும் சேர்ந்து பரப்பளவை நேரடியாகத் தந்துவிடும். சிறுகோள்களின் உருவளவை 1970-களிலிருந்து வானியலாளர்கள் இப்படித்தான் கணித்து வருகிறார்கள்.

பொருளின் வகையை அறிய வேண்டுமெனில், குற்றலை நிறமாலையில் சில அடையாளங்கள் உதவும். சிலிக்கான் சூரியத் தகட்டின் எதிரொளிப்பு 1.1 மைக்ரானை ஒட்டிச் சட்டென மாறும். கரிமப் பூச்சுகள் 1.7, 2.3 மைக்ரான்களை ஒட்டி உட்கவர்வுப் பள்ளங்களைக் காட்டும்.

படி 10: நிழலில் நுழையும் தருணம்

தாழ்ந்த பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை துண்டு புவியின் நிழலில் இருக்கக்கூடும். கண்ணுறு ஒளித் தொலைநோக்கிக்கு அது காணாமற்போகும் நேரம். வெப்ப அகச்சிவப்புக்கோ மிகச் சிறந்த அளவீட்டு நேரம். எதிரொளி முற்றாக நின்றுவிடுவதோடு, துண்டு குளிரும் வேகம் அதன் கனத்தைச் சொல்லிவிடுகிறது. 25 மைக்ரான் தடிப்புள்ள வெப்பக்காப்புப் படலம் ஒன்று நிழலில் நுழைந்ததும் விநாடிக்குச் சில கெல்வின் முதல் பத்து கெல்வின் வரை குளிரும். 3 மி.மீ. அலுமினியத் தகடோ, பூச்சு பூசப்பட்டதாயினும், நிமிடத்துக்குச் சில கெல்வின் மட்டுமே இறங்கும். நிழலில் நுழைந்து ஒரு நிமிடத்துக்குள் சமிக்ஞை சரிந்தால் அது படலம். மெல்ல மங்கினால் கனத்த துண்டு. பரப்பளவும் கனமும் சேர்ந்தால், வளிமண்டல உராய்வும் சூரிய ஒளியின் அழுத்தமும் அந்தத் துண்டை எப்படி இழுக்கும் என்பதைக் கணிக்கலாம். இத்தகைய கடப்புகளை முன்கூட்டியே பட்டியலிட்டு, நிழல் எல்லைக்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே பதிவைத் தொடங்க வேண்டும்.

முடிவை எழுதும்போது ஒற்றை எண்ணாகத் தரக் கூடாது. சூரியனை நோக்கி நிற்கும் தட்டையான தகடு சுமார் 331 கெல்வினையும், அதே மேற்பரப்புள்ள கோளம் 278 கெல்வினையும் அடையும் என்பதால், வடிவத்தைப் பற்றிய அனுமானமே விடையை மாற்றிவிடும். கோளம், தகடு என இரு மாதிரிகளிலும் கணித்த உருவளவையும், கொண்ட உமிழ்திறனையும், சூரியன்–துண்டு–கருவி ஆகியவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தையும் சேர்த்தே பதிய வேண்டும். கழிக்கப்படாத மூல ஃபிரேம்களையும் சேமித்து வையுங்கள். அடுத்த கடப்பில் பாதை திருந்தியபின், பழைய ஃபிரேம்களைப் புதிய வேகத்தில் மீண்டும் அடுக்கும்போது, முதலில் தவறிப்போன புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.